கியர்பாக்ஸ் போனால் கடன் எங்கே வாங்குவது? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கார் வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. ஃப்ரீமான்ட் தாண்டி 880 நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருக்கிறேன், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் உறுமுகிறது, ஆர்.பி.எம். முள் 4,000-க்கு ஏறுகிறது, வண்டி மட்டும் 30 மைலைத் தாண்ட மாட்டேன் என்கிறது. 118,000 மைல் ஓடிய பத்து வயசு செடான், 8,200 டாலருக்கு வாங்கியது. டோ வண்டியை வரவழைத்து, அந்த நேரத்தில் திறந்திருந்த ஒரே இடம் என்பதால், ஊருக்கு ஊர் ஒரே பெயர்ப்பலகையோடு இருக்கும் செயின் ஒர்க்ஷாப் ஒன்றில் கொண்டுபோய் விட்டேன்.

கவுன்ட்டரில் இருந்தவர் நல்ல மனிதர்தான், தண்ணீர் பாட்டில்கூடக் கொடுத்தார். மறுநாள், டிரான்ஸ்மிஷன் (கியர்பாக்ஸை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) மாற்ற 5,840 டாலர் ஆகும் என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு டேப்லெட்டை என் பக்கம் திருப்பி, எங்கள் கார்டு எடுத்தால் ஆறு மாதம் வட்டி கிடையாது என்றார். இருபது நிமிடத்தில் இரண்டு கையெழுத்து, ஒன்று ரிப்பேருக்கு, ஒன்று கடனுக்கு. நான் மாட்டிக்கொண்டது அங்கேதான். ரிப்பேர் ஒரு வியாபாரம், கடன் இன்னொரு வியாபாரம். இரண்டையும் ஒரே கவுன்ட்டரில் ஒரே மூச்சில் முடித்தால் இரண்டிலும் நாம்தான் தோற்போம்.

நான் கலிஃபோர்னியாவில் இருப்பதால் விதிகளை இந்த மாநிலத்தை வைத்துச் சொல்கிறேன். வேறு மாநிலத்தில் இருந்தால் அந்த ஊர் விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வட்டிக் கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

1. வண்டியை முதலில் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வாருங்கள்

பக்கத்தில் இருக்கும் கடைக்கு இழுத்துப் போவதுதான் எல்லோரும் செய்வது. ஒரு கடைக்குள் போய்விட்ட வண்டியை இன்னொரு கடைக்கு மாற்ற மறுபடி டோ காசு வேண்டும், அந்தச் சோம்பலை நம்பியே பாதி எஸ்டிமேட் ஏறுகிறது. வழியில் நின்ற வண்டிக்கு உதவும் ட்ரிபிள் ஏ (AAA) சங்கத்தில் பிளஸ் உறுப்பினராக இருந்தால் ஒரு தடவைக்கு 100 மைல் வரை இழுத்துத் தருவார்கள். அது இல்லையென்றால் உங்கள் கார் இன்ஷூரன்ஸில் ரோட்சைட் உதவி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பலருக்கு மாதம் சில டாலர் அதற்காகப் போய்க்கொண்டிருப்பதே தெரியாது. எதுவும் இல்லாமல் கைக்காசில் கூப்பிட்டால் நகரத்துக்குள்ளேயே 100 முதல் 250 டாலர் ஆகிவிடும்.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஓடாத வண்டியைப் பார்க்கிங்கில் பல நாள் விடக்கூடாது என்று பல லீஸ் ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். ஆபீசுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, ஒரு வாரம் அவகாசம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கெட்டுப்போன வண்டியை டோ கம்பெனி கிடங்கிலிருந்து மீட்கும் செலவும் சேர்ந்துகொள்ளும்.

கியர் நழுவும் வண்டியை ‘மெதுவாக ஓட்டிப் போய்விடலாம்’ என்று மட்டும் ஓட்டாதீர்கள். சின்னதாக முடிய வேண்டியது பெரிதாகிவிடும்.

2. போனது கியர்பாக்ஸ்தானா என்று பாருங்கள்

எஞ்சின் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை என்றால் நாம் உடனே டிரான்ஸ்மிஷன் என்று முடிவுகட்டிவிடுகிறோம். சக்கரத்துக்குப் போகும் சி.வி. ஆக்ஸில் உடைந்தாலும் அதே அறிகுறிதான், அதற்கு 400 முதல் 1,000 டாலருக்குள் வேலை முடிந்துவிடும். டிரான்ஸ்மிஷன் ஆயில் கசிந்து குறைந்திருந்தாலும் கியர் நழுவும். பேட்டரி பலவீனமாகி வோல்ட்டேஜ் இறங்கினால்கூட கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் குழம்பி, வண்டியை ஒரே கியரில் பூட்டிவிடும். உள்ளே ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் சோலனாய்டு என்ற மின் வால்வு ஒன்று மட்டும் போயிருந்தால் சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்துச் சொச்சத்துக்குள் முடியலாம்.

காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் கோளாறு எண்களை, அதாவது கோட்களை, படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் 25 டாலருக்குக் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். 1996 மாடல் முதல் இங்கே விற்ற எல்லாக் கார்களிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே அதற்கான சாக்கெட் இருக்கும். பி0700 என்று வந்தால் பயப்பட வேண்டாம், ‘டிரான்ஸ்மிஷன் பக்கம் ஏதோ கோளாறு’ என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை, கூடவே வேறு என்ன கோட் வந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். பி0730 என்றால் கியர் விகிதம் தப்பாக இருக்கிறது, பி0740 என்றால் டார்க் கன்வர்ட்டர் கிளட்ச் பக்கம். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கோட் எதையும் அழித்துவிடாதீர்கள், பிறகு கடைக்காரர் என்ன சொல்கிறாரோ அதுதான் வேதம்.

இதெல்லாம் நம்மை மெக்கானிக் ஆக்காது. ஆனால் எண்ணைச் சொல்லிக் கேட்கிறவரிடம் கவுன்ட்டரில் பேசும் தொனியே வேறு.

3. யாராவது இலவசமாகச் செய்து தருவார்களா

இதற்கு அரை மணி நேரம் போதும், நான் அதைக்கூடச் செய்யவில்லை. கார் கண்ணாடியின் ஓரத்திலும் ரெஜிஸ்ட்ரேஷன் காகிதத்திலும் 17 எழுத்து எண் ஒன்று இருக்கும், அதை வின் எண் என்பார்கள். அதை மத்திய அரசின் சாலைப் பாதுகாப்புத் துறையான என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்தில் போட்டால் உங்கள் வண்டிக்கு ரீகால் (தயாரிப்புக் கோளாறைச் சரிசெய்யக் கம்பெனி திரும்ப அழைப்பது) ஏதும் பாக்கி இருக்கிறதா என்று தெரியும். ரீகால் வேலைக்கு டீலர் காசு வாங்கக்கூடாது, வண்டி முதல் முதலாக விற்கப்பட்டு 15 ஆண்டு ஆகும் வரை அந்த உரிமை உண்டு, நீங்கள் மூன்றாவது ஓனராக இருந்தாலும் சரி.

அடுத்து வாரண்டி. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்த பவர்டிரெய்ன் வாரண்டி பெரும்பாலான கம்பெனிகளில் 5 ஆண்டு அல்லது 60,000 மைல். ஹூண்டாயும் கியாவும் 10 ஆண்டு, 100,000 மைல் என்று விளம்பரம் செய்வது முதல் ஓனருக்கு மட்டும். பழைய வண்டியாக வாங்கியவருக்கு அது 5 ஆண்டு, 60,000 மைலாகச் சுருங்கிவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல் ‘வாரண்டி இருக்கு’ என்ற பேச்சை நம்பி வாங்கிய நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், வழக்குகளுக்குப் பிறகு கம்பெனிகளே சில மாடல்களுக்குக் கியர்பாக்ஸ் வாரண்டியை நீட்டியதும் உண்டு. நிஸான் சில ஆண்டு ஆல்டிமாக்களின் சி.வி.டி. (பல்சக்கரங்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸுக்கு 84 மாதம், 84,000 மைல் என்று நீட்டியது. அதனால் மாடல் பெயரையும் ஆண்டையும் போட்டு, வாரண்டி நீட்டிப்பு என்று தேடுங்கள், டீலரின் சர்வீஸ் பிரிவுக்கும் போன் செய்து வின் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். கெடு சமீபத்தில்தான் தாண்டியது என்றால் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்கே கூப்பிட்டு, பாதிச் செலவையாவது ஏற்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். கிடைத்தால் லாபம், கேட்பதற்குக் காசில்லை.

வெளியே ஆயில் மாற்றினால் வாரண்டி போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 1975-ஆம் ஆண்டின் மாக்னசன்-மாஸ் சட்டம் அப்படி நிபந்தனை போடுவதைத் தடுக்கிறது. ரசீதுகள் மட்டும் கையில் இருக்க வேண்டும்.

கார் வாங்கும்போது டீலரிடம் எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று ஏதாவது வாங்கியிருந்தால் அந்தக் காகிதத்தை இப்போதே தேடுங்கள். அவர்கள் அனுமதி எண் கொடுக்கும் முன்பு கியர்பாக்ஸைப் பிரித்துவிட்டால் பணம் தர மாட்டார்கள், ஒப்பந்தத்தின் உள்ளே சின்ன எழுத்தில் அது இருக்கும். உங்கள் கார் வாரண்டி முடியப்போகிறது என்று தினமும் போனில் வரும் குரலை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்தக் கும்பல்களில் ஒன்றுக்கு, தொலைத்தொடர்பைக் கவனிக்கும் மத்திய ஆணையமான எஃப்.சி.சி. 2023-இல் கிட்டத்தட்ட 30 கோடி டாலர் அபராதம் போட்டது.

4. செயின் கடைக்குள் நுழையும்போது

சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரே பெயர்ப்பலகை இருந்தாலும் பல கிளைகளுக்கு முதலாளி வேறு வேறு ஆள். ஒரு கிளை கொள்ளையடித்தது என்பதற்காக இன்னொன்றும் அப்படி இருக்க வேண்டியதில்லை, ஒரு கிளையின் நல்ல பெயர் இன்னொன்றுக்கும் வராது. டயர், பிரேக் வேலைக்குப் பெயர்போன செயின்கள் சில, கியர்பாக்ஸை வெளியே இன்னொரு கடைக்கு அனுப்பி, தங்கள் லாபத்தை மேலே வைத்துத் தருகின்றன. ‘இங்கேயே செய்வீர்களா, வெளியே அனுப்புவீர்களா’ என்று கேட்டுவிடுங்கள். வேலை செய்யப் போகிறவரிடம், மெக்கானிக்குகளுக்குத் தேர்வு வைக்கும் அமைப்பான ஏ.எஸ்.இ.-யின் ஏ2 சான்றிதழ் இருக்கிறதா என்றும் கேட்கலாம், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கானது அது.

பரிசோதனைக்கு 120 முதல் 250 டாலர் கேட்பார்கள். வேலையை அங்கேயே கொடுத்தால் அதைக் கழிப்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

அப்புறம் வருவதுதான் பெரிய பள்ளம். ‘பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்’ என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கழற்றிப் பரப்பிய கியர்பாக்ஸோடு லிஃப்டில் தொங்கும் வண்டியை நீங்கள் எங்கே எடுத்துக்கொண்டு போவீர்கள்? கலிஃபோர்னியாவில் பிரிப்பதற்கு முன்பே எழுத்தில் எஸ்டிமேட் தர வேண்டும், வேலை வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் திரும்பப் பூட்ட எவ்வளவு, அதிகபட்சம் எத்தனை நாள், பிரிப்பதில் வீணாகும் சீல், கேஸ்கெட்டுக்கு எவ்வளவு என்பதும் அதில் இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை வண்டியிலிருந்து இறக்கும் முன்பு, வெளிப்பக்கப் பாகம் ஏதாவது ஒன்றை மாற்றினாலோ சரிசெய்தாலோ தீருமா என்று சோதித்தே ஆக வேண்டும் என்றும் இங்கே விதி இருக்கிறது. ‘அந்தச் சோதனையில் என்ன தெரிந்தது’ என்று கேளுங்கள், பதிலைவிட அவர் பதில் சொல்லும் விதம் நிறையச் சொல்லும்.

எழுதிக் கொடுத்த தொகைக்கு மேல் ஒரு டாலர் ஏறினாலும் உங்களிடம் கேட்காமல் செய்யக்கூடாது. போனில் சம்மதம் சொன்னால் நாளையும் நேரத்தையும் அவர்கள் குறித்து வைக்க வேண்டும், நீங்களும் குறித்து வையுங்கள். கையெழுத்துப் போடும்போதே, பழைய பாகங்கள் வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள், பிறகு கேட்டால் செல்லாது. இதையெல்லாம் மேற்பார்க்கும் மாநிலத் துறையின் பெயர் பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர், சுருக்கமாக பி.ஏ.ஆர். கடையின் லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பதை அதன் தளத்தில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

5. எஸ்டிமேட்டை எப்படி வாசிப்பது

எந்தக் கியர்பாக்ஸைப் போடுகிறார்கள் என்பதில் மூன்று வகை உண்டு. உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பழைய பெட்டி, பூட்டித் தர 2,000 முதல் 4,000 வரை, வாரண்டி சில மாதம்தான். உங்கள் பெட்டியையே பிரித்து, தேய்ந்ததை மாற்றித் தருவது ரீபில்ட், 3,000 முதல் 5,000. ஃபாக்டரியில் முழுவதும் புதுப்பித்து வரும் ரீமான் பெட்டி 4,500-இல் தொடங்கி, சி.வி.டி. வண்டிகளில் 8,000 வரைகூடப் போகும். ஜாஸ்பர் போன்ற கம்பெனிகள் இதற்கு 3 ஆண்டு, 100,000 மைல் வாரண்டி தருகின்றன. நான் விசாரித்தவரை உள்ள விலைகள் இவை, உங்கள் மாடலைப் பொறுத்துக் கூடக்குறைய இருக்கும். எஸ்டிமேட்டில் வெறுமனே ‘டிரான்ஸ்மிஷன்’ என்று எழுதியிருந்தால் மூன்றில் எது என்று எழுதச் சொல்லுங்கள். என்னுடையதில் அப்படித்தான் இருந்தது, ரீமான் என்று நானாக நினைத்துக்கொண்டேன், வந்தது ரீபில்ட்.

கோர் என்று ஒரு வரி இருக்கும். பழைய கியர்பாக்ஸைத் திருப்பித் தருவதற்கான முன்பணம் அது, சில நூறிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகும், திரும்ப வர வேண்டிய காசு. கூலி தனி வரியில் இருக்கட்டும், ஏனென்றால் கலிஃபோர்னியாவில் ரிப்பேர் கூலிக்கு விற்பனை வரி இல்லை, பாகங்களுக்கு மட்டும்தான். எங்கள் அலமேடா கவுன்டியில் அந்த வரி 10 சதவீதத்துக்கு மேல், ஆக இரண்டையும் ஒன்றாகக் கலந்து வரி போட்டால் நஷ்டம் உங்களுக்கு. கம்ப்யூட்டர் புரோகிராமிங், ஆயில், கூலர் சுத்தம் செய்வது எல்லாம் உள்ளே அடங்கியதா என்பதையும் கேளுங்கள்.

இந்த ஒரே தாளை வைத்துக்கொண்டு டிரான்ஸ்மிஷன் மட்டுமே செய்யும் இரண்டு தனிக் கடைகளுக்குப் போன் செய்யுங்கள். வின் எண், கோட், எந்த வகைப் பெட்டி, இந்த மூன்றும் சொன்னால் போனிலேயே தோராயமாகச் சொல்வார்கள். வேலை எல்லாம் முடிந்த பிறகு நியூவார்க்கில் (நியூஜெர்சி இல்லை, எங்கள் பக்கத்து ஊர்) கடை வைத்திருக்கும் ஒருவரிடம் என் பில்லைக் காட்டினேன். இதே வேலையை 4,400-க்குச் செய்திருப்பேன் என்றார்.

6. செய்வதா, விற்பதா

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பழைய கார்களுக்காகவே சொன்னதுபோல இருக்கும். கெல்லி புளூ புக் தளத்தில் உங்கள் வண்டி ஓடும் நிலையில் என்ன விலை போகும் என்று பாருங்கள். ரிப்பேர் அதில் பாதியைத் தாண்டினால் யோசியுங்கள், முழு விலையை நெருங்கினால் யோசிக்கவே வேண்டாம். ஓடாத வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு சில நூறு டாலர் தருபவர்கள் உண்டு, அதற்கு பிங்க் ஸ்லிப் என்று இங்கே சொல்கிற டைட்டில் காகிதம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கார் கடன் பாக்கி இருந்தால் டைட்டில் பேங்கிடம் இருக்கும், அந்தக் கடன் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஓடும்.

7. பணம்: எந்தக் கதவை முதலில் தட்டுவது

ரிப்பேர் செய்வது என்று முடிவானால், எஸ்டிமேட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். ‘இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை’ என்றால் சிரித்துவிட்டு வாருங்கள். கடன் வாங்க உங்களுக்கு இரண்டு மூன்று நாள் வேண்டும். அதற்குள் வண்டிக்கு நிறுத்துக் கூலி போடுவார்களா, எந்த நாளிலிருந்து என்று மட்டும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், சில கடைகள் ஒரு நாளைக்கு 50 முதல் 150 டாலர் வரை போடும்.

முதல் கதவு கிரெடிட் யூனியன், உறுப்பினர்களே சொந்தக்காரர்களான கூட்டுறவு வங்கி மாதிரி. ஃபெடரல் கிரெடிட் யூனியன்கள் பொதுவாக ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறது. நீங்கள் இருக்கும் கவுன்டி, வேலை செய்யும் கம்பெனி, படிக்கும் பல்கலைக்கழகம் ஏதாவது ஒன்றை வைத்து உறுப்பினராகிவிடலாம், ஆரம்ப டெபாசிட் 5 அல்லது 25 டாலர். கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட், விசாவும் ஐ-94 நுழைவுப் பதிவும், சோஷியல் செக்யூரிட்டி எண், கடைசி இரண்டு சம்பளச் சீட்டு, முகவரிக்கு லீஸ் அல்லது கரண்ட் பில், டிரைவர் லைசென்ஸ், அப்புறம் அந்த எஸ்டிமேட். எச்1பி-யில் இருப்பவர்கள் ஐ-797 ஒப்புதல் கடிதத்தையும் எடுத்துப் போங்கள், விசா முடியும் தேதிக்குள் கடன் முடிய வேண்டும் என்று சில இடங்களில் சொல்வார்கள். கிரெடிட் வரலாறு ஆறு மாதம்கூட இல்லாதவர்களுக்கும் சின்னத் தொகைக்கு வழி இருக்கிறது, பால் கடன் (PAL, பேடே ஆல்டர்நேட்டிவ் லோன்) என்று கேளுங்கள், 2,000 டாலர் வரை, வட்டி 28 சதவீதத்துக்குள். முழு கியர்பாக்ஸுக்குப் போதாது, பழைய பெட்டி போடுவதற்குக் கிட்டத்தட்டப் போதும்.

இரண்டாவது, ஏற்கனவே நல்ல கிரெடிட் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் எண்) இருப்பவர்களுக்கு, 12 அல்லது 15 மாதம் உண்மையிலேயே 0 சதவீத வட்டியில் வரும் பேங்க் கிரெடிட் கார்டு. கெடு முடிந்ததும் மிச்சத்துக்கு மட்டும் அன்றிலிருந்து வட்டி. புதுக் கார்டு தபாலில் வர ஒரு வாரம் ஆகலாம், அதைக் கணக்கில் வையுங்கள்.

மூன்றாவதுதான் நான் எடுத்த கடைக் கார்டு. செயின்களின் பெயரில் வரும் கார்டுகளுக்குப் பின்னால் சிங்க்ரனி, சி.எஃப்.என்.ஏ. போன்ற வங்கிகள் இருக்கும். ‘ஆறு மாதத்துக்குள் முழுவதும் கட்டினால் வட்டி இல்லை’ என்ற வாக்கியத்தில் ‘கட்டினால்’ என்ற சொல்லில்தான் ஆறாயிரம் டாலரும் தொங்குகிறது. வட்டி முதல் நாளிலிருந்தே ஓரமாக ஏறிக்கொண்டிருக்கும், கெடுவுக்குள் கடைசி டாலர்வரை கட்டினால் மன்னிப்பார்கள், 1 டாலர் பாக்கி இருந்தாலும் அத்தனை மாத வட்டியும் மொத்தமாக விழும். என் கார்டில் வட்டி ஆண்டுக்கு 34.99 சதவீதம். மாதம் 800 வீதம் ஆறு மாதம் கட்டினேன், 4,800 ஆயிற்று, மிச்சம் 1,040 தானே, அதற்கு மட்டும் வட்டி வரும் என்று நிம்மதியாக இருந்தேன். ஏழாவது ஸ்டேட்மென்ட்டில் 670 டாலருக்கு மேல் வட்டி என்று ஒரு வரி. மாதம் 174 டாலர் கூடப் போட்டிருந்தால் அந்த வரி வந்தே இருக்காது.

அதையே எடுக்க வேண்டி வந்தால் இப்படிச் செய்யுங்கள். மொத்தத்தை ஆறால் வகுக்காமல் ஐந்தால் வகுங்கள், என் கணக்கில் 1,168. கெடுத் தேதி பல சமயம் ஆறாவது தவணைத் தேதிக்கு முன்பே வந்துவிடும். தானாகவே தவணை கட்டும் ஆட்டோ-பே குறைந்தபட்சத் தொகையில் உட்கார்ந்திருக்கும், போய் மாற்றுங்கள். அதே கார்டில் பெட்ரோல் போடாதீர்கள், நீங்கள் கட்டும் கூடுதல் பணம் முதலில் அந்தப் பெட்ரோல் பாக்கிக்குப் போய்விடும். கெடு முடியும் கடைசி இரண்டு மாதத்தில்தான் சட்டப்படி அது ரிப்பேர் பாக்கிக்கு முதலில் போக வேண்டும்.

இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டுகிறேன். 5,840 டாலரை 24 மாதத்தில் அடைப்பதாக வைத்துக்கொள்வோம். 12 சதவீதத்தில் மாதம் 275, மொத்த வட்டி 760 போல. 18 சதவீதத்தில் மாதம் 292, வட்டி 1,160 போல. 34.99 சதவீதத்தில் மாதம் 342, வட்டி 2,360. மாதத் தவணையை மட்டும் பார்த்தால் 67 டாலர்தான் வித்தியாசம் என்று தோன்றும், கவுன்ட்டரில் அதை மட்டும்தான் சொல்வார்கள்.

நான்காவது, டேப்லெட்டில் இரண்டு நிமிடத்தில் தவணை போட்டுத் தரும் செயலிகள். அஃபர்ம் மாதிரி இடங்களில் 0-விலிருந்து 36 சதவீதம் வரை போகும், உங்களுக்கு எது என்பது ஒப்புதலுக்குப் பிறகுதான் தெரியும். ஏ.பி.ஆர். என்ற ஆண்டு வட்டி எண்ணையும் மொத்தம் கட்டும் தொகையையும் படிக்காமல் விரலை வைக்காதீர்கள். விண்ணப்பித்தால் ஸ்கோர் குறையுமா என்றும் கேளுங்கள், ஒரே வாரத்தில் நாலு இடத்தில் முழு விசாரணை நடந்தால் புதிதாக வந்தவரின் ஸ்கோர் தாங்காது.

‘கிரெடிட் வேண்டாம், எல்லோருக்கும் உண்டு’ என்று கண்ணாடியில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் லீஸ்-டு-ஓன். சட்டப்படி அது கடனே இல்லை, உங்கள் கியர்பாக்ஸை உங்களுக்கே வாடகைக்கு விடுவது. 90 அல்லது 100 நாளுக்குள் முழுவதும் முடித்தால் தப்பிக்கலாம், 12 மாதம் ஓட்டினால் மொத்தம் இரண்டு மடங்கை நெருங்கும். இத்துறையின் பெரிய கம்பெனிகளில் ஒன்றான ப்ரோக்ரெசிவ் லீசிங், உண்மையான விலையை மறைத்தது என்ற குற்றச்சாட்டில், நுகர்வோரைப் பாதுகாக்கும் மத்திய வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி.-யுடன் 2020-இல் 17.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. காரின் டைட்டிலை அடகு வைத்து வாங்கும் டைட்டில் லோன் பக்கம் போகவே போகாதீர்கள், அது நம் ஊர் மீட்டர் வட்டியின் அண்ணன். சில மாநிலங்களில் மாதம் 25 சதவீதம்கூட வாங்குவார்கள், அதாவது ஆண்டுக்கு 300, கட்டாவிட்டால் சரிசெய்த வண்டியும் போய்விடும்.

நண்பர்களிடம் கைமாற்று வாங்குவதில் எனக்கு வெட்கம் இருந்தது. 670 டாலர் கட்டிய பிறகு இல்லை. கம்பெனி வழியாகச் சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பான 401கே-யில் பணம் சேர்ந்திருந்தால் அதிலிருந்தும் கடன் எடுக்கலாம், ஆனால் வேலை போனால் மிச்சத்தை அந்த ஆண்டு வருமான வரி தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கட்ட வேண்டும், விசாவோடு இருப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

8. திரும்பக் கவுன்ட்டருக்குப் போகும்போது

கடன் தயார் என்பதைச் சொல்லாதீர்கள். முதலில் விலை. மற்ற கடை சொன்ன விலை, அந்தச் செயினின் கூப்பன், பரிசோதனைக் கட்டணத்தைக் கழிப்பது, இந்த மூன்றையும் பேசி முடித்து, இறுதித் தொகையைத் திருத்திய எஸ்டிமேட்டாக அச்சிட்டு வாங்கிய பிறகு, எப்படிக் கட்டுகிறீர்கள் என்று கேட்டால் சொல்லுங்கள். முன்பணம் கேட்டால் பாகத்தின் விலைக்கு மேல் தர வேண்டாம். முடிந்தவரை ஏதாவது ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள், ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் வசதியில் அனுப்பிய காசு போனது போனதுதான்.

பெட்டி வர மூன்று நாளிலிருந்து பத்து நாள், பூட்ட இரண்டு மூன்று நாள். அதுவரை வாடகைக் கார் வைத்தால் ஒரு நாளைக்கு 40, 50 டாலர் என்று அது தனியாக ஒரு செலவு. சாதாரண இன்ஷூரன்ஸில் விபத்துக்கு மட்டும்தான் வாடகைக் கார் கிடைக்கும், இதற்குக் கிடைக்காது.

9. வண்டியை எடுக்கும் நாள்

வெள்ளிக்கிழமை கடை மூடும் நேரத்தில் போகாதீர்கள். காலையில் போய், பணம் கட்டும் முன்பு கடைக்காரரை உட்கார வைத்து 15 நிமிடம் ஓட்டுங்கள், நெடுஞ்சாலையில் ஏறி இறங்குங்கள், ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள், ஸ்கேனரைச் செருகி கோட் ஏதும் நிற்கிறதா என்று பாருங்கள். இன்வாய்ஸில் ஒவ்வொரு பாகமும் புதிதா, பழையதா, ரீபில்ட்டா என்று இருக்க வேண்டும், வாரண்டி மாதமும் மைலும் இருக்க வேண்டும், அது நாடு முழுவதும் அந்தச் செயினின் எல்லாக் கிளையிலும் செல்லுமா, கூலிக்கும் சேர்த்தா என்பதும். மைல் மீட்டர் எண்ணைச் சரிபாருங்கள், வாரண்டி அங்கிருந்துதான் எண்ணப்படும்.

கையில் பணம் குறைந்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். கட்டாதவரை வண்டியைப் பிடித்து வைக்கக் கடைக்கு உரிமை உண்டு, நாளாக ஆக நிறுத்துக் கூலி ஏறும், கடைசியில் வண்டியை விற்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

10. அப்புறம் தகராறு வந்தால்

அதே கோளாறு திரும்ப வந்தால் முதலில் அதே கடைக்கு எழுத்தில் சொல்லுங்கள், வேறு கடையில் பிரித்துவிட்டால் வாரண்டி போய்விடும். கேட்கவில்லையென்றால் பி.ஏ.ஆர்.-இல் இணையத்தில் புகார் செய்யலாம், காசில்லை, அவர்கள் கடைக்காரரோடு பேசுவார்கள். கிரெடிட் கார்டில் தப்பாகப் பிடித்திருந்தால் ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் கார்டு கம்பெனிக்கு எழுத வேண்டும். வேலையின் தரம் பற்றிய தகராறு என்றால், கடை உங்கள் மாநிலத்திலோ வீட்டிலிருந்து 100 மைலுக்குள்ளோ இருக்க வேண்டும், நீங்கள் முதலில் கடையோடு பேசித் தீர்க்க முயன்றிருக்க வேண்டும், இன்னும் கட்டாத பாக்கிக்கு மட்டும்தான் அந்த உரிமை. ஆகவே தகராறு இருக்கும்போது ரோஷத்தில் முழுவதும் கட்டி முடித்துவிடாதீர்கள். அதற்கும் மேல் போக வேண்டுமென்றால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட், கலிஃபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம், வக்கீல் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் விடமாட்டார்கள்.

கோர் பணத்தை மறக்காதீர்கள். 5,840 தவிர 600 டாலரை எனக்கு டெபிட் கார்டில் தனியாகப் பிடித்திருந்தார்கள், மூன்று வாரம் கழித்து, நான் இரண்டு முறை போன் செய்த பிறகுதான் திரும்பி வந்தது. எந்தக் கார்டில் பிடித்தார்களோ அதற்கேதான் திரும்பும். அது கடைக் கார்டாக இருந்தால், கணக்கில் பணம் வந்துவிட்டதே என்று அந்த மாதத் தவணையை விட்டுவிடாதீர்கள். கடை திருப்பித் தந்ததைப் பெரும்பாலும் தவணையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், தாமதக் கட்டணம் தனியாக வரும்.